வேலைநிறுத்தக் கூடாரத்தில் ஒரு கப்பல் வண்டி

பிப்ரவரி 9: புது வண்டிக்கு முன்பணம் 25,000
மார்ச் 14: இரண்டாம் தவணை 40,000
ஏப்ரல் 17: கம்பெனியில் வேலைநிறுத்தம்
ஏப்ரல் மாதப் பயிற்சிக் கட்டணம் 58,400
மே மாதப் பயிற்சிக் கட்டணம் 31,900
ஜூன் 30: பழைய வண்டிக்குக் கடைசி நாள்

இது என் எதிர்வீட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண்ணின் கணக்கு. ஞாயிறுதோறும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். சின்னப் பெண்ணாகப் பார்த்தவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். வெளியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வெளியில் அவள் ரெட்டை பிரேக் அக்கா.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்த இருக்கையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த பிறகு அவள் வலது கால் எங்கேயும் சும்மா இருப்பதில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தாலும், டாக்டர் வீட்டில் காத்திருந்தாலும், எதிரில் இருப்பவர் வாய் தவறப் போகிறார் என்று பட்டால் அது தரையை அழுத்தும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது அவள் தம்பியின் மனைவி.

பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். தம்பியை வளர்த்தது அவள்தான். அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது, இரண்டே வருஷத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் எழுதப்போவதில்லை. தம்பியைத் தொழிற்படிப்பு படிக்கவைத்து, ஊரின் கோடியில் இருக்கும் கார்த் தொழிற்சாலையில் சேரும்வரை விரட்டிக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு அது வெறும் 'கம்பெனி'. தம்பிக்கு அங்கே கதவு மாட்டும் வேலை.

தம்பி வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் வாங்கிய வண்டியெல்லாம் அந்தக் கம்பெனி வண்டிதான். தொழிலாளியின் குடும்பத்தார் ஒருவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். வண்டியின் பின்கண்ணாடியில் 'இந்த ஊர் வண்டி, இந்த ஊர் டிரைவர்' என்று எழுதிவைத்திருந்தாள். படிக்க வருபவர்களில் பாதிப் பேர் தொழிலாளிகளின் மனைவிமார்.

பழைய வண்டிக்கு ஜூன் 30-ஆம் தேதியோடு வயது முடிகிறது. அதற்குள் போக்குவரத்து அலுவலகத்தில் வேறு வண்டியைப் பதிவு செய்யாவிட்டால் பள்ளியின் உரிமம் போய்விடும். புதிதாக விண்ணப்பித்தால் வரிசையில் மூன்று நான்கு வருஷம் நிற்கவேண்டும். அதனால்தான் பிப்ரவரியிலேயே பணம் கட்டினாள். வண்டியும் தயாராகிவிட்டது. ஏப்ரல் 16-ஆம் தேதி தம்பியே அதற்குக் கதவு மாட்டியிருக்கிறான். மறுநாள் காலையில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

கடைசிப் பரிசோதனை மட்டும் பாக்கி. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில், வெள்ளை வண்டி தூசி படிந்து நின்றது. அவள் தினமும் பாடம் நடத்தும் பாதையை மாற்றி அந்த வேலியோரமாகவே மாணவர்களை ஓட்டவைத்தாள்.

புதிதாக வரும் பையன்களை ஒப்பந்தத்தில் எடுத்து அதே வேலைக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதுதான் தொழிலாளிகளின் வழக்கு. ஊர் அதைப் பற்றி என்ன நினைத்தது என்பது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டியரிங்கைப் பிடித்த பயத்தில் மனுஷர்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள்.

மே மாதக் கடைசியில், பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இவங்க சம்பளம் எவ்வளவுன்னு தெரியுமாக்கா? கடன் பேப்பரெல்லாம் என் மேசைக்குத்தான் வருது. ஒரு பட்டம் கிடையாது, என்னைவிட ஒன்றரை மடங்கு வாங்கறாங்க."

"கண்ணாடியைப் பாரு."

"பாத்தாச்சு. இன்னும் வேணுமாம். நம்ம வாங்கற வண்டி விலையிலதானே அதெல்லாம் ஏறுது?"

"இன்டிகேட்டர்."

"நான் வாங்கறப்ப கப்பல் வண்டிதான்க்கா வாங்குவேன்."

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.

"முதல்ல ஓட்டக் கத்துக்கோ. எந்த வண்டின்னு அப்புறம் பாக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, கம்பெனி வாசலுக்கு நேராக வண்டி உதறி நின்றது. வாசலெதிரே வேலைநிறுத்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்கவில்லை.

"அக்கா, அந்த வண்டியும் ஸ்ட்ரைக்கா?"

"தள்ளட்டுமா மேடம்? கூலியை அப்புறம் பேசிக்கலாம்!"

பேங்க் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் பார்வை வேலிக்குள் இருந்த வெள்ளை வண்டிமேல் இருந்தது.

ஊரில் எல்லோரும் பேங்க் பெண் கட்சி என்று சொல்லமாட்டேன். மருந்துக்கடைக்காரர், "அவங்க கையில காசு இருந்தாத்தான் என் கல்லாவுல காசு" என்றார். பெட்ரோல் பங்க் முதலாளி, "நியாயம்தான், ஆனா நேரம் சரியில்ல" என்றார். நேரம் எப்போது சரியாக இருக்கும் என்று அவள் கேட்டதற்கு டயரில் காற்றுக் குறைவு என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவள் எந்தக் கட்சி? அதுதான் அவளுக்கே பிடிபடவில்லை. ஜூன் முதல் வாரம் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வெடித்துவிட்டது.

"உன் சம்பளத்துல பாதிகூட நான் பாத்ததில்லடா. நான் யார்கிட்டப் போய்க் கொடி பிடிக்கறது?"

"அதுக்காக என்னை உன் அளவுக்கு இறங்கச் சொல்றியா?"

"நீ ஜெயிச்சாலும் உனக்கு ஒரு பைசா கூடப்போறதில்ல. யாரோ பசங்களுக்காக நீ ஏன் உக்காந்திருக்க?"

"நாளைக்கு என் பையன் உள்ள வந்தா அவன்தான்க்கா அந்தப் பசங்க."

"உன் பையன் உள்ள வரதுக்குள்ள நான் கடையைச் சாத்திட்டுப் போயிடுவேன்."

தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பை நடுவில் வைத்தாள். "அண்ணி காலைப் பாருங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் பேசினீங்கன்னா தரையில குழி விழுந்துடும்." அக்கா சாப்பிடாமலே எழுந்துவந்தாள்.

ஜூன் 19-ஆம் தேதி ஷோரூமிலிருந்து கூப்பிட்டார்கள். முற்றத்தில் நிற்கும் வண்டிகளை மேலதிகாரிகளே பரிசோதித்து வெளியே விடப்போகிறார்களாம். அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மானேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். 'நியாயமற்ற வேலைநிறுத்தத்தால் என் பிழைப்பு பாழாகிவிட்டது. வாடிக்கையாளர் என்ற முறையில் இதைக் கண்டிக்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். பத்திரிகையில் போட ஒரு போட்டோவும் வேண்டும் என்றார்.

"கையெழுத்துப் போட்டவங்களுக்கு முதல்ல வண்டி. அவ்வளவுதான் மேடம்."

"இதுல ஒண்ணை அடிச்சிடலாமா? 'நியாயமற்ற'ங்கறதை."

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேடம் மத்ததையெல்லாம் எழுதியிருக்கோம்."

"என் பிழைப்பு பாழாச்சு, அது உண்மை. நியாயமா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல. தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"எல்லாரும் போட்டுட்டாங்க மேடம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும் போல."

எழுந்துவிட்டாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கப்பல் வண்டி ஷோரூம். உள்ளே போனாள், விலை கேட்டாள், வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பினாள். மூன்று நாள் இதேபோல் போவதும் வருவதுமாக இருந்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஜூன் 24-ஆம் தேதி, இருந்த நகையை அடகுவைத்து ஒரு சாம்பல் நிறக் கப்பல் வண்டியைத் தன் பேரில் பதிவு செய்துகொண்டு வந்து நின்றாள். நான் ரசீதை வாங்கிப் பார்த்தேன்.

"என்ன மாமா, நீங்களும் திட்டப்போறீங்களா?"

"தொகை எவ்வளவுன்னு பாக்கறேன்மா."

"கப்பல் வண்டிக்காரன் காசு மட்டும்தான் கேட்டான் மாமா. கம்பெனிக்காரன் காசோட சேத்து என் வாக்குமூலத்தையும் கேட்டான்."

செய்தி அன்று மாலையே கூடாரத்துக்குப் போய்விட்டது. பேங்க் பெண் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள். "சரியான பாடம்க்கா அவங்களுக்கு!" தன் தோழிகளைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். ஒருத்தியும் வரவில்லை. தொழிலாளிகளின் மனைவிமார் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் நேரில் வந்து சொன்னாள். "எனக்கு உங்கமேல கோவம் இல்லக்கா. அந்த வண்டியிலேருந்து நான் இறங்கறதை யாராவது பாத்தா வீட்டுக்காரருக்குக் கூடாரத்துல அசிங்கம்."

தம்பி வரவில்லை. அவன் பேரில் வந்த சலுகையை வாங்கிவிட்டு அக்கா கப்பல் வண்டிக்குப் போய்விட்டாள் என்று அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் இரண்டாவது பிரேக் பொருந்தவில்லை. வெல்டிங் கடைக்காரர் பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய இணைப்புக் கம்பி நீளம் அதிகம். பெடல் அழுத்தினால் அழுந்தியே கிடந்தது. அவள் அதைத் தம்பி மனைவியிடம் போனில் புலம்பியிருக்கிறாள். மறுநாள் காலையில் தம்பி கருவிப்பையோடு வந்து, நேராக வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் சொல்லல."

உள்ளே ஸ்பானர் திருகும் சத்தம் கேட்டது. அவள் கதவருகில் குனிந்தாள்.

"ஸ்ட்ரைக் முடியட்டும்டா. இதை வித்துட்டு நம்ம வண்டியை எடுத்துடறேன். கட்டின பணத்தை நான் திருப்பிக் கேக்கல."

அவன் வெளியே வந்து கதவை ஒருமுறை சாத்தித் திறந்தான். மறுபடியும் சாத்தினான். "நல்லாத்தான் மாட்டியிருக்கான்," என்று யார்மேலோ கோபம்போலச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

பிரேக் இப்போது பிடித்தது. காகிதம் பிடிக்கவில்லை. கெடு முடிவதற்குள் அவள் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஜூலை 3-ஆம் தேதி போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த இரட்டைப் பெடலுக்குக் கம்பெனி வண்டியில்தான் அனுமதி இருக்கிறது. வேறு வண்டியில் பொருத்தினால், கார் தயாரிப்பில் தேர்ச்சி பெற்ற தரப் பரிசோதகர்கள் மூவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கடைசித் தேதி ஜூலை 15. அதுவரை பள்ளி நடத்தக் கூடாது.

அந்த வாரம் அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கழுவின வண்டியைக் கழுவினாள். போர்டைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். என் வீட்டுக்கு வருவாள், நாற்காலி நுனியில் உட்காருவாள், நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் எழுந்துபோய்விடுவாள். அறுபது மைல் சுற்றுவட்டாரத்தில் கார்த் தரப் பரிசோதகர்கள் என்றால் கம்பெனி ஆட்கள்தான். கம்பெனி ஆட்கள் என்றால் கூடாரத்தில் இருப்பவர்கள்தான்.

"நீ கேளேன்டா," என்றாள் தம்பியிடம்.

"வண்டி வாங்கினது நீ. நான் கேட்டா என்னையும் சேத்துத் துரத்துவாங்க."

ஜூலை 8-ஆம் தேதி காலை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் நான். கூடாரத்துக்கு முன்னால் கப்பல் வண்டி வந்து நின்றதும் சலசலப்பு அடங்கிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் வந்து முன்டயரை எட்டி உதைத்தான்.

"எங்க வயித்துல அடிச்சிட்டு இங்கேயே ஓட்டிட்டு வரீங்களா?"

அவள் கண்ணாடியை இறக்கினாள். "உதைச்சது போதுமா, இன்னொரு டயரும் வேணுமா? எனக்கு உங்க செயலாளரைப் பாக்கணும்."

சங்கச் செயலாளர் கனத்த மனிதர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இந்த வண்டிக்கு நாங்க கையெழுத்துப் போடணுமா? நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான் தெரியுமா?"

"ஒரு பேப்பர்ல போடறதுக்கு என்கிட்டயும் ஒரு கையெழுத்துக் கேட்டாங்க. 'நியாயமற்ற'ன்னு எழுதியிருந்தது. நான் போடல. போட்டிருந்தா அந்த வெள்ளை வண்டி இப்போ என் வாசல்ல நிக்கும்."

"அப்போ எங்க பக்கம் நியாயம்னு ஒத்துக்கறீங்களா?"

"அதுவும் தெரியாது. உங்களுக்காகவும் பொய் சொல்லமாட்டேன்."

தம்பி கூடாரக் கம்பத்தைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். செயலாளர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதற்குள் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். பரிசோதகர்களில் மூத்தவர், பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், வண்டிக் கதவைத் திறந்து சாத்திக்கொண்டிருந்தார். சாத்திவிட்டு இடுக்கில் கட்டைவிரலை ஓட்டினார். இன்னும் இரண்டு பேர் பாயிலிருந்து எழுந்தார்கள்.

"யாரு உங்களை எழுந்திருக்கச் சொன்னது?" என்றார் செயலாளர்.

"மூணு மாசமா கை அரிக்குதுப்பா. பாத்தாத் தேஞ்சுடுமா?"

பிறகு அவர்களைத் தடுக்க யாராலும் முடியவில்லை. ஒருவர் வண்டிக்கு அடியில் போனார். ஒருவர் பானெட்டைத் தூக்கினார். பூதக்கண்ணாடி பெயிண்டின்மேல் கன்னத்தை ஒட்டவைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதோ, இங்க வழிஞ்சிருக்கு!" என்று அவர் கத்தியதும் கூடாரமே கைதட்டியது. அதற்குப் பிறகு தேடித்தேடிப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் மெல்ல உட்கார்ந்துவிட்டார்கள்.

"மோசமில்ல," என்றார் பூதக்கண்ணாடி, பல்லைக் கடித்துக்கொண்டு. "கம்பி இணைப்பு யார் வேலை?"

தம்பி கையைத் தூக்கினான்.

"அது நல்லாருக்கு. ஆனா ஓட்டிப் பாக்காம எழுதமாட்டேன். ஓட்டத் தெரியாத ஆள் ஒருத்தர் ஸ்டியரிங்ல உக்காரணும்."

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். இருபது வருஷம் கார் செய்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சைக்கிளில்தான் வருவாராம். அவர் இடுப்பு வேட்டியைச் சரி செய்துகொண்டு ஏறினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கண்ணே. மெதுவா. அண்ணே, மெதுவான்னா..."

வண்டி துள்ளிக் கிளம்பி, கோரிக்கைப் பலகையை நோக்கி நேராகப் போனது. அவர் எதை மிதித்தாரோ, இன்னும் வேகம் கூடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பலகை பானெட்டுக்கு முன்னால் அரைச்சாண் தூரத்தில் இருந்தது. அவள் கால் பெடலின்மேல் இருந்தது.

"பிடிக்குதா?" என்று பூதக்கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

டயரை உதைத்தவனே முதலில் சிரித்தான். செயலாளர் வேர்த்துப்போய் இறங்கிவந்து, சங்கத்தின் முத்திரை போட்ட தாளை எடுத்து அவரே எழுதினார். 'இந்த வண்டியை எங்கள் சங்கம் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. இதன் இரண்டாவது பிரேக் பிடிக்கிறது.' கீழே மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்.

அலுவலகத்தில் குமாஸ்தா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இவங்க இப்போ வேலையில இருக்காங்களா?"

"வேலைநிறுத்தத்துல இருக்காங்க."

"அப்போ வேலையில இல்ல."

"வேலையை விடலையே சார். நீங்க லீவுல இருந்தா குமாஸ்தா இல்லையா?"

"மேலிடத்துல கேட்டுத் தபால்ல எழுதறோம்மா."

ஜூலை 22-ஆம் தேதி வந்த கடிதத்தில், பரிசீலனையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பள்ளி பூட்டியே கிடந்தது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அவள் வாசலுக்கு வந்துவிடுவாள். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். கம்பெனியில் இரண்டு முறை பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. கையெழுத்துப் போட்டவர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசையில் வெள்ளை வண்டி மட்டும் இடைவெளிகளுக்கு நடுவில் நின்றது.

கடைசியில் வந்த கடிதத்தைப் பிரிக்க அவளுக்குக் கை ஓடவில்லை. தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். உரிமம் மூன்று வருஷத்துக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அவள் மூச்சு விட்டாள். அவன் படிப்பதை நிறுத்தவில்லை. இரட்டைப் பெடலுக்கான இந்த அனுமதி இந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். மூன்று வருஷத்துக்குள் வண்டியை மாற்றினால் உரிமம் ரத்தாகும்.

"அப்போ நம்ம வண்டி?" என்றாள்.

அவன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான்.

"டேய், நான் வேணும்னு..."

"தெரியும்க்கா. யாராவது எடுத்துக்கட்டும். நல்ல கதவு அது."

வெள்ளை வண்டியின் முன்பதிவை ரத்து செய்யச் சொல்லி அன்றைக்கே ஷோரூமுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். தொழிலாளி என்ற முறையில் தம்பியும் அதில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. போட்டுவிட்டுக் கூடாரத்துக்குக் கிளம்பிப் போனான். அவள் மதியமே கப்பல் வண்டியை எடுத்துக்கொண்டு, நின்றுபோன நான்கு பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனாள். ஒருத்தி வருகிறேன் என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதியையும் எழுதிவைத்தேன்: ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை.